நாலு டிஸ்க்கும் ஒரு 'ஆமா'வும்

இந்த வீட்டில் இனிமேல் எதுவும் தொலையாது என்று கணக்காளர் சபதம் செய்தபோது அவர் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. அதன் ஜோடியை அவர் மனைவி சோபாவுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இந்தச் செருப்பு கிடைக்கட்டும்," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"நான் செருப்பைச் சொல்லலை. உன் குரலைச் சொல்றேன்."

அவள் ஒலிப்புத்தகங்களுக்கு நாவல் வாசிப்பவள். படுக்கையறையின் துணி அலமாரிதான் அவளுடைய ஸ்டுடியோ. தொங்கும் கோட்டுகளுக்கும் மடித்த போர்வைகளுக்கும் நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு குட்டி விளக்கு. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். மின்விசிறி நிற்கும். சொட்டும் குழாய்க்கடியில் துணி போடப்படும். கணக்காளருக்கு இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படி வரைக்கும் ஓடி, அங்கே இருமித் தீர்த்துவிட்டுத் திரும்புவார். பம்பு கம்பெனியில் நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் கட்டில் நுனியில் உட்கார்ந்து, அலமாரிக்குள்ளிருந்து கசியும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். இதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால் காசு கேட்பாள் என்று பயம்.

இப்போது அவள் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய நாவல். அதில் கதாநாயகியின் அப்பா படுத்த படுக்கையாக இருந்து பேசுகிற அத்தியாயம் வந்த வாரம் பார்த்து அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது. தொண்டைக் கரகரப்போடு அவள் வாசித்ததைக் கேட்டுக் கட்டில் நுனியில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போர்வைத் தூசியாக இருக்கும் என்று தனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டார். இன்னும் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. முடித்து மொத்தமாகக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும்.

பதிவு செய்த அத்தனையும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கில் இருந்தது. அந்த டிஸ்க் கொஞ்ச நாளாக 'டிக் டிக்' என்று பல்லைக் கடிக்க ஆரம்பித்திருந்தது. அன்று காலை அதைக் கேட்டு அவள் முகம் வெளுத்துப்போனதைக் கணக்காளர் பார்த்தார். சபதம் பிறந்தது அதனால்தான்.

"தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள், செருப்போடு வெளியே வந்து. அவள் தம்பி கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான்.

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மச்சினன் வந்தால் ஸ்குரூ டிரைவரோடு ஒரு சிரிப்பையும் கொண்டுவருவான். அதுதான் அவருக்கு ஆகாது.

மறுநாள் சாயங்காலம் ஒரு கறுப்புப் பெட்டியும் மூன்று புது டிஸ்க்குகளும் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தன. கணக்காளர் நாலு தம்ளர்களை வரிசையாக வைத்துப் பாடம் எடுத்தார்.

"இங்க பாரு. நாலு டிஸ்க்கையும் இந்தப் பெட்டியில சேத்துட்டா, கம்ப்யூட்டர் கண்ணுக்கு அது ஒரே டிஸ்க்கு. வேலையை நாலும் பங்கு போட்டுக்கும். அதனால வேகம். ஒண்ணு படுத்துட்டாலும் அதோட சரக்கு மத்ததுக்கிட்ட இருக்கும். அதனால பாதுகாப்பு."

"கூட்டுக் குடும்பம்னு சொல்லுங்க."

"அதேதான்! எப்படிப் பிடிச்சே பாரு!"

"அப்ப ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை இருக்காதே."

"விளையாடாதே."

"சரி, நாலும் ஒரே பெட்டிக்குள்ளதானே இருக்கு? பெட்டிக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

"பெட்டிக்கு என்ன ஆகும்? அது பாட்டுக்கு இருக்கும். நீ ஏன் எப்பவும் குறுக்க கேள்வி கேட்டுட்டே இருக்கே?"

அவள் தம்ளர்களைப் பார்த்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கல்யாண ஃபோட்டோவுக்குப் பிறகு காணாத ஒரு பிரகாசம். "மூணுதானே வாங்கியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலாவது நம்ம பழைய டிஸ்க். துட்டு மிச்சம்!"

"டிக் டிக்குன்னு அடிச்சுக்குதே, அதா?"

"வயசானவங்களை வீட்டை விட்டா துரத்துறோம்? அது படுத்தாலும் மத்த மூணு இருக்கே."

 தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கணக்காளர் காரியத்தில் இறங்கினார். அவர் பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி. அதனால் முதல் வேலையாகப் பழைய டிஸ்க்கில் இருந்த நாவலைப் புது டிஸ்க் ஒன்றில் பத்திரமாகப் பிரதி எடுத்தார். எல்லா அத்தியாயமும் வந்ததா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஆக, நாவல் இப்போது இரண்டு இடத்தில் இருந்தது. உலகத்தில் எந்தக் கணக்காளரும் இதற்கு மேல் ஜாக்கிரதையாக இருக்க முடியாது என்று நினைத்தார்.

பிறகு அந்தப் பழையதையும், பிரதி எடுத்த புதியதையும், மீதி இரண்டையும் பெட்டிக்குள் செருகினார். நாலு பச்சை விளக்குகளும் கண் சிமிட்டின. திரையில் பெட்டி ஒரு கேள்வி கேட்டது. அவர் 'ஆமா' என்று அழுத்தினார். 'நிச்சயமாகவா?' என்றது. அவர் கொஞ்சம் எரிச்சலோடு மறுபடியும் 'ஆமா' என்று அழுத்தினார்.

பெட்டி விமானம் கிளம்புகிற மாதிரி உறுமியது. அரைமணி நேரம் கழித்து ஒரு பிரம்மாண்டமான டிஸ்க் திரையில் தோன்றியது. கணக்காளர் உள்ளே போய்ப் பார்த்தார். குடி வராத வீடு மாதிரி இடம் மட்டும் ஏராளமாகக் கிடந்தது.

நாவலைக் காணோம். மாடிப்படிக்கு ஓடினார். இந்த முறை இருமலுக்காக அல்ல.

"சொல்லுங்க அத்தான்," என்றான் மச்சினன் போனில்.

கணக்காளர் சொன்னார். ஒரு நண்பருக்கு நேர்ந்ததாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் நண்பர் காணாமல் போய்விட்டார்.

"நாலையும் சேக்கும்போது எல்லாத்தையும் துடைச்சுட்டுத்தான் அத்தான் ஆரம்பிக்கும். மெஷின் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"ஏன் அத்தான்?"

"இல்லைன்னா மேல போக மாட்டேங்குதேடா!"

மறுமுனையில் எதையோ விழுங்குகிற சத்தம் கேட்டது. சிரிப்பை விழுங்குகிறானா, துக்கத்தை விழுங்குகிறானா என்று தெரியவில்லை.

"திரும்ப எடுக்க முடியுமா?"

"கஷ்டம் அத்தான். பேசாம அக்காகிட்ட சொல்லிடுங்க."

"நீ சொல்லிடாதே. உன் கால்ல விழறேன்."

"ஐயோ, நீங்க பெரியவங்க," என்று போனை வைத்துவிட்டான்.

அவள் பைகளோடு உள்ளே வந்தாள். "என்ன, குடித்தனம் வச்சாச்சா?"

"வச்சாச்சு. ஆனா உடனே தொடக் கூடாது. டிஸ்க்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பழகணும்."

"எத்தனை நாள் பழகும்?"

"அது... அதுங்க சுபாவத்தைப் பொறுத்தது."

"சரி, நிதானமா பழகட்டும். கடைசி அத்தியாயத்தை இப்போதைக்கு லேப்டாப்லயே வாசிச்சு வச்சுக்கறேன்."

அவள் இவ்வளவு சாதுவாகப் போனது அவர் நெஞ்சை இன்னும் அறுத்தது. அன்று பாத்திரம் முழுவதையும் அவரே கழுவினார். மறுநாள் துணிகளை மடித்து, நிறவாரியாக அடுக்கினார். அதற்கடுத்த நாள் குளிர்ப்பெட்டியை உள்ளும் புறமும் துடைத்து, அதன் பின்பக்கத்தில் இருந்த சிலந்திக் குடும்பத்தைக்கூட மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார். ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து காய் நறுக்கினார். குற்ற உணர்வுக்கு இவ்வளவு உடல் வலிமை உண்டு என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

வாசித்ததை மறுபடி வாசிக்கலாம். காலம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஜலதோஷ அத்தியாயம்? அந்தக் கரகரப்புக்கு எங்கே போவது? ராப்பகலாக அதையே நினைத்து உருகினார். அவள் தண்ணீர் கேட்டால் ஐஸ் போட்டுக் கொடுத்தார். தூங்கும்போது அவள் பக்கத்து ஜன்னலை ஓசைப்படாமல் திறந்து வைத்தார்.

"தொண்டை ஏதாவது கட்டின மாதிரி இருக்காம்மா?" என்று காலையில் ஆவலோடு விசாரித்தார்.

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான். அக்கறை."

அவரே தும்ம ஆரம்பித்ததுதான் மிச்சம்.

வாரக் கடைசியில் அவர் முக்காலியில் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து கீழே நின்றாள்.

"ஏங்க, கம்பெனியில கேக்கறாங்க. நாளைக்கு எல்லாத்தையும் அனுப்பணும். உங்க நாலு பேரும் பழகினது போதும், பெட்டியைத் திறங்க."

அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.  மேலே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிரதி எடுத்ததைச் சொன்னார். பிரதியையும் அசலையும் சேர்த்துப் பெட்டியில் போட்டதைச் சொன்னார். 'ஆமா'வை இரண்டு தடவை சொன்னதையும் மறைக்கவில்லை. 

"மத்ததெல்லாம் திரும்ப வாசிச்சுடலாம்மா. ஆனா அந்த அப்பா பேசற அத்தியாயம் வராது. அதை நான் தினமும் வெளியே உக்காந்து கேட்டுட்டிருந்தேன். அப்படி ஒருத்தரும் வாசிக்க முடியாது. நானே அதை அழிச்சுட்டேன்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவள் கண்ணிலும் ஏதோ தூசி விழுந்த மாதிரி இருந்தது.

"வெளியே உக்காந்து கேட்டீங்களா?"

"ம்."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க தம்ளரை வச்சுப் பாடம் எடுத்தீங்களே, அன்னைக்கு ராத்திரியே நீங்க தூங்கினப்புறம் தம்பி வந்து முழுசையும் காப்பி எடுத்துட்டுப் போயிட்டான். அவன் கடையில ஒண்ணு, என் தோழி வீட்டுல ஒண்ணு, என் கைப்பையில ஒண்ணு. மூணும் ஒண்ணோட ஒண்ணு முகம் பார்த்ததே இல்லை."

கணக்காளருக்கு முக்காலி ஆடியது. "அப்ப... அப்ப எல்லாம் இருக்கா? ஜலதோஷமும்?"

"ஜலதோஷமும் இருக்கு."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்ல? அவ்வளவு சந்தோஷமா விளக்கிட்டிருந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரலை."

அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"இரு. நான் அழிச்சதும் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்க போனை வச்ச அடுத்த நிமிஷமே தம்பி எனக்குப் போன் பண்ணிட்டான்."

"அப்ப இந்த வாரம் பூரா...?"

அவள் கீழே விழுந்த துணியை எடுத்து உதறி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஒரு அவசரக்காரர்ங்க. பரணைச் சுத்தம் பண்ணிட்டு ஒத்துக்கிட்டிருக்கக் கூடாதா?"