இரும்பு பார்க்கும் படலம்

“மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு வண்டி. காசு குடுத்து வாங்கப் போறதில்ல. என் கையால நானே செய்யப் போறேன்!”

ஞாயிற்றுக்கிழமை காலையில், பல்கூட விளக்காமல், அவர் செய்த சபதம் இது. அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். இரும்புக்கும் அவருக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு, வீட்டுச் சாவியைத் தொலைப்பதுதான்.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. மனைவியின் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். மனைவி அம்மா வீட்டில் போய் ஒரு மாதம் இருக்க வேண்டும். ஒன்றரை வயதுப் பாப்பா, பாப்பாவின் தொட்டில், தையல் மெஷின் எல்லாம் கூடவே போக வேண்டும். இத்தனையும் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறங்கிப் போய்விடுவார்.

“ஒரு மாசம் தனியா இருந்துப்பீங்களா?”

“நானா? நிம்மதியாத் தூங்குவேன். நீ தாராளமாப் போயிட்டு வா!”

சொல்லி வாய் மூடவில்லை. பாப்பா தத்தித் தத்தி வந்து அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் உறைத்தது. வண்டி தயாரானால் ரெண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். முப்பது நாள்! கூடவே வரலாம்தான். யாரும் கூப்பிடவில்லையே. கூப்பிடாத வீட்டுக்குப் போக ரோஷம் விடுமா?

வண்டி தயாராகாவிட்டால்?

தினமும் வேலை முடிந்து இரும்புக்கடைக்குப் போனார். தினமும் வெறுங்கையோடு திரும்பினார்.

“என்னங்க, இரும்பு வாங்கியாச்சா?”

“எல் மாதிரி மடிச்ச ஆங்கிள் இரும்பு பாத்தேன். பாரம் ஏத்தினா முறுக்கிக்குமாம்.”

“உங்களை மாதிரியா?”

மறுநாள்.

“உருண்டைக் குழாய் பாத்தேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும்னா முனையை மீன் வாய் மாதிரி வளைச்சு வெட்டணும். யாரால ஆகும்?”

“தாளு தாளா வெட்டற கைதானே!”

அதற்கும் மறுநாள்.

“சதுரக் குழாய்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?”

“மெல்லிசா இருந்தா பத்தவைக்கும்போது ஓட்டை விழும். தடியா இருந்தா நம்ம பைக்குக்கு மேட்டுல மூச்சு வாங்கும்.”

“ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இல்லையா?”

“நடுவுல... நடுவுல உள்ளபக்கம் துருப்பிடிக்கும். உள்ள இருக்கறது வெளிய தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியும்” என்றாள் அவள், பாப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி. “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட நீங்க இத்தனை குறை சொல்லலையே.”

“அன்னிக்குக் குனிஞ்ச தலை. நிமிர்ந்தாத்தானே குறை தெரியும்!”

அவள் சிரித்தாள். தப்பித்தோம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம். பளபளவென்று இருக்கிற இரும்பு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் என்று ஒரு புதுக் குறையை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். வாசலில் நின்றது வண்டி. நீல வண்ணம், ரெண்டு சக்கரம், பைக்கில் மாட்டக் கொக்கி. பக்கத்துத் தெரு வெல்டர் சாமான்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். அக்கா சொன்ன அளவுல முடிச்சாச்சு. ஏறிக் குதிச்சுப் பாத்தேன், அசையல. சதுரக் குழாய், ரெண்டு மில்லி தடிமன். அருமையான இரும்பு!”

“எந்தக் கடையில கிடைச்சுது?”

“உள்ள போய்ப் பாருங்க” என்றாள் மனைவி.

படுக்கையறைக்குப் போனார். மெத்தை தரையில் கிடந்தது. கட்டிலைக் காணோம்.

“ஐயோ, என் கட்டில்!”

“நாலு வருஷமா நம்ம ரெண்டு பேரையும் தாங்குச்சு. முறுக்கிக்கல. துருப்பிடிக்கல. இதைவிட நல்ல இரும்பு எங்க இருக்கு?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“கேட்டா குறை சொல்வீங்க. இரும்புக்கடைக்காரரைப் பாத்தேன். எல்லாரும் ‘எது நல்ல இரும்பு’ன்னு கேப்பாங்களாம். நீங்க மட்டும் ‘இதுல என்ன குறை சொல்லலாம்’னு கேக்கறீங்களாம்.”

அவர் தரையில் கிடந்த மெத்தையைப் பார்த்தார். மெத்தை மேல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தார்.

“நீங்க போயிட்டா நான் தனியா தரையிலயா கிடக்கணும்?”

“எப்படிங்க விட்டுட்டுப் போவேன்?” அவள் பக்கத்தில் வந்தாள். “எங்கம்மா வீட்ல பெரிய கட்டில் இருக்கு. நீங்களும் வாங்க. அங்கேர்ந்து அச்சகத்துக்குப் பைக்ல முக்கால் மணி நேரந்தான்.”

முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். முகம் பேச்சைக் கேட்கவில்லை. அது காதுவரைக்கும் சிரித்தது.

“இவ்வளவு கெஞ்சறே, வரேன். ஆனா மாப்பிள்ளைன்னா சும்மா உக்காந்திருப்பேன். ஒரு வேலை செய்ய மாட்டேன், ஆமா!”

“வேலையா? ச்சேச்சே! அம்மா வீட்டு முன்கேட்டு இத்துப்போய் விழுந்துடுச்சு. எத்தனை வெல்டர் வந்து கேட்டும் அம்மா அந்த வேலையைக் குடுக்கல. ‘இரும்புல என் மாப்பிள்ளைக்குத் தெரியாதது இல்ல, அவர் வந்து செய்வார்’னு உக்காந்திருக்காங்க. நீங்க நிதானமா இரும்பு பாருங்க. முழுசா ஒரு மாசம் இருக்கே!”