இரண்டு கிளிக் வலது பக்கம்

திருகக்கூடிய எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. ஃபேன் ரெகுலேட்டர், கேஸ் அடுப்பு, பஸ் ஜன்னல் கொக்கி, எதுவும் தப்பாது. மாமனார் வீட்டு மிக்ஸியைச் 'சரிசெய்த' பிறகு அந்த வீட்டில் ஒரு மாதம் அம்மியில் அரைத்தார்கள் (மாமனார் இன்றும் என்னோடு பேசுகிறார், பெரிய மனசு). இதெல்லாம் சில்லறைக் குற்றங்கள். இந்தக் கையால் என் அக்கா ஒரு சம்பாப் பயிரையே பறிகொடுக்க இருந்தாள். அதைத்தான் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று அனுப்பிவிட்ட வருஷம் அது. நான் சென்னையிலிருந்து மடிக்கணினியோடு நன்னிலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, வசந்தா அக்கா வீட்டில் இறங்கினேன். அத்தான் மஸ்கட்டில் இருக்கிறார். அப்பா அக்காவுக்கு எழுதிவைத்த ஏழு மா நிலம் (இரண்டேகால் ஏக்கர் இருக்கும்) பல வருஷமாகக் குத்தகையில் இருந்தது. அந்த வருஷம்தான் அக்கா, நானே சாகுபடி பண்ணுகிறேன் என்று இறங்கியிருந்தாள். அத்தானுக்கு இஷ்டமில்லை. ஒரு சம்பா பார், சரிப்படவில்லை என்றால் மறுபடியும் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டைப் பார் என்று சொல்லியிருந்தார். ஆக, அக்காவுக்கு அந்த ஒரு போகம்தான் பரீட்சை.

நாற்று, நடவு, உரம் எல்லாவற்றையும் அவளே ஓடி ஓடிப் பார்த்தாள். பயிர் பொதியில் இருந்தது. கதிர் தண்டுக்குள்ளேயே இருந்து வெளியே வரக் காத்திருக்கும் அந்த நாளில்தான் எலி வரும், தண்டைக் கடித்துச் சாய்க்கும். எங்கள் பக்கத்தில் அதற்குக் கிட்டி வைப்பார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டி, பொரியை வைத்து, சாயங்காலம் வயலுக்குள் நட்டுவிட்டுப் போனால் காலையில் எலி மாட்டியிருக்கும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ராஜேந்திரன்தான் எங்கள் ஊருக்கு வைப்பவன். அக்கா அவனுக்கு போன் போட்டு வரச்சொல்லப் போனபோது நான் தடுத்தேன்.

"இந்த வருஷம் கிட்டியெல்லாம் வேணாம்க்கா. நான் பாத்துக்கறேன்."

ஏன் சொன்னேன் என்றால், இணையத்தில் ஒரு ஏர்கன் வாங்கியிருந்தேன். அதன் தலையில் ஸ்கோப். ஸ்கோப்பில் இரண்டு திருகு. (துப்பாக்கிக்காகவா, திருகுக்காகவா வாங்கினாய் என்று என் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.) மேலே உள்ள திருகு குண்டை மேலும் கீழும் நகர்த்தும், பக்கத்தில் உள்ளது இடமும் வலமும். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு 'கிளிக்'. நாலு நாளில் சரிசெய்து எலிக்குலத்தையே முடித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தப் பக்கமாக வந்த ராஜேந்திரன் ஸ்கோப்பை வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"நல்லாத்தாம்ப்பா இருக்கு. எலி வந்து நிக்குமா?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வரப்பில் ஒரு செங்கல்லை நிறுத்தி, இருபதடி தள்ளிக் குப்புறப் படுத்துச் சுட்டேன். குண்டு ஒரு சாண் இடது பக்கம் போய் விழுந்தது. திருகின் மேல் ஒரு அம்புக்குறி போட்டு 'வலது' என்று எழுதியிருந்தது. எங்கள் வாய்க்கால் மதகிலும் இதே மாதிரி அம்புக்குறி உண்டு. மதகில், பலகை எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம்தான் அம்பு காட்டும். சின்ன வயசிலிருந்து மதகு திருகிய கை இது, சந்தேகமே வரவில்லை. ஸ்கோப்பில் நகரப்போவது கண்ணுக்குத் தெரியும் கூட்டல் குறி, குண்டு இடது பக்கம் விழுகிறது, ஆகவே குறியை இடது பக்கம் கொண்டுபோக வேண்டும். இடது பக்கம் திருகினேன். குண்டு இன்னும் இடது பக்கம் போனது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் திருகினேன்.

ஐந்தாம் நாள் குண்டு பக்கத்து வயலில் விழுந்தது. ஏழாம் நாள், வரப்போரம் நிறுத்தியிருந்த அக்காவின் ஸ்கூட்டி வலது பக்கக் கண்ணாடியில் ஓட்டை போட்டது. அக்கா கண்ணாடியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அதன்பிறகுதான் கையேட்டை எடுத்து முழுசாகப் படித்தேன். அம்பு காட்டுவது குறி போகும் திசையை அல்ல, குண்டு போகும் திசையை. அதோடு, ஒரு கிளிக்குக்குக் கால் அங்குலம் என்று போட்டிருந்தது நூறு கெஜத் தூரத்துக்கு. இருபதடியில் அதே கிளிக் குண்டைக் கடுகளவுகூட நகர்த்தாது. திருகிய அவ்வளவையும் திரும்பத் திருக வேண்டும். எத்தனை திருகினேன் என்று யாருக்குத் தெரியும்? நடுவில் திருகின் மூடி வேறு சேற்றில் விழுந்து, அதைத் தேட அரை நாள் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் செங்கல்லின் நடுவில் குண்டு பட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உடனே அத்தானுக்கு வீடியோ கால் போட்டு செங்கல்லைக் காட்டினேன், வரப்போரம் பச்சையாக நிமிர்ந்து நின்ற பயிரைக் காட்டினேன், ஒரு எலிகூடக் கண்ணில் படவில்லை என்று பீற்றிக்கொண்டேன். அத்தான் சிறுவயசில் வயல் பார்த்தவர்.

"ஓரம் நல்லாருக்கு மாப்ளே. நடுவுல போய்ப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பயிரை விலக்கி உள்ளே நடந்தாள். பின்னாலேயே போனேன். பத்தடி தாண்டியதும் பயிர் இல்லை. வட்டமாக, பந்தி பரிமாறப் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு இடம், அதற்குப் பின்னால் இன்னொரு இடம். தண்டுகள் சாய்ந்து தண்ணீரில் மிதந்தன. எலி ஓரத்தைத் தொடாது, நடுவில்தான் வெட்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் பன்னிரண்டு நாளும் வரப்பையே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனில் அத்தானிடம் சொன்னாள்:

"எலி வெட்டிருக்குங்க. கிட்டிக்குச் சொல்லணும்னு நெனச்சேன், நான்தான் மறந்துட்டேன்."

சரி, அப்புறம் பேசலாம் என்று அத்தான் வைத்துவிட்டார். எனக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்துபோய்விடலாம் போலிருந்தது. ஏன்க்கா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். அவள் ஒரு தண்டைக் கையில் எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்த பிஞ்சுக் கதிரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீ செஞ்சேன்னு சொன்னா உன்னை ஒண்ணும் தெரியாதவன்னு சொல்லுவார். என்னைச் சொன்னாச் சொல்லிட்டுப் போறார். எனக்குப் பழகிப் போச்சு."

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ராஜேந்திரன் வீட்டுக்கு நானே நடந்து போனேன். அவன் பொழுது சாய்வதற்குள் வண்டியில் கிட்டிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவன் கிட்டியை நட்டுக்கொண்டே போக, நான் பின்னால் பொரி எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவன் எடுத்த எலிகளை நான் எண்ணவில்லை, எண்ண வெட்கமாக இருந்தது. மிச்சப் பயிர் தப்பியது.

அன்றைக்கே அத்தானைக் கூப்பிட்டேன். அக்கா மறக்கவில்லை, நான்தான் கிட்டி வேண்டாம் என்று தடுத்தேன், பன்னிரண்டு நாள் திருகிக்கொண்டே இருந்தேன் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். நிலத்தைப் பிடுங்கிவிடாதீர்கள் என்றும் கெஞ்சினேன். அவர் இடைமறித்தார்.

"தெரியும் மாப்ளே. கல்யாணத்தன்னிக்கு நான் பேசுனதையே இன்னும் மறக்காதவ, கிட்டியை மறந்துட்டாளாம். பொய் சொல்லக்கூடத் தெரியலே அவளுக்கு." பிறகு குரல் மாறியது. "ஏழு மாவும் அவதான் பாக்கப் போறா. அடுத்த பட்டத்துக்கு என்ன நெல்லுன்னு அவளையே கேட்டுக்கறேன். ஆனா நீ வரப்புல கால் வைக்கக் கூடாது."

அந்த வருஷம் விளைச்சல் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனாலும் அதற்கப்புறம் நிலம் குத்தகைக்குப் போகவே இல்லை. ஏர்கன் பரணில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றி அபிப்பிராயம் சொன்னாலும், சாம்பாரில் உப்பு சரி என்று சொன்னால்கூட, "நடுவுல போய்ப் பாத்தியா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்கட்டும், நியாயம்தான். அலுவலகத்தில்கூட இப்போதெல்லாம் அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கூட்டிக் கண்ணாடியை அக்கா இன்னும் மாற்றவில்லை. போன பொங்கலுக்கு என்னைப் பஸ் ஏற்றிவிட நன்னிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, ஓட்டைக்கு அந்தப் பக்கம் விரிசல் விட்ட கண்ணாடியில் அவள் முகம் பாதியாகத் தெரிந்தது.

"புதுசு மாத்திடலாமேக்கா. நானே வாங்கித் தரேன்."

"இருக்கட்டும்டா. பழகிப் போச்சு." கண்ணாடியில் தெரிந்த பாதி முகம் சிரித்தது. "ரெண்டு கிளிக் வலது பக்கம் தள்ளிப் பாத்துக்கறேன்."