வாசலுக்கு வந்த நாற்காலிகள்

கணக்கு வாத்தியார் பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தார். வாசலில் வாடகை நாற்காலிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் சொல்லி வந்தவை இல்லை.

அந்தத் தெருவில் வாடகை நாற்காலி வந்து இறங்கினால் அர்த்தம் ஒன்றுதான். வீட்டில் யாரோ போய்விட்டார்கள்.

இன்றைக்கென்று பார்த்தா? ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் மாடியை வாடகைக்குப் பார்க்க, பத்து மணிக்கு ஒருவர் வருகிறார். எழவு விழுந்த வீட்டுக்கு எவன் குடி வருவான்?

வாத்தியார் நாற்காலிகளைப் பின்பக்கம் இழுத்தார். எதிர்வீட்டு டெய்லர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"இந்த நேரத்துல நீங்க தூக்கலாமா சார்? விடுங்க, நான் போடறேன்."

வரிசையாகப் போட்டும் விட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க."

"மனசு ஏத்துக்காதுதான். மாமனாரா?"

"அவரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நேத்து ராத்திரிகூட என்னோட சண்டை. தெருவுல ஒருத்தர் விடாம பகைச்சுக்கிட்டிருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா நாலு பேர் வரமாட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான் படுத்தேன்."

டெய்லர் அவர் தோளைத் தட்டினார். "கடைசியா பேசினது இப்படி ஆயிடுச்சேன்னு உருகாதீங்க."

அதற்குள் பால்காரரும் பேக்கரி அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளைக் கூட்டிவந்து காட்டினால் தீர்ந்தது என்று வாத்தியார் உள்ளே ஓடினார். மாமனார் தலையோடு காலாகப் போர்த்திப் படுத்திருந்தார்.

"மாமா, ஒரு நிமிஷம் வாசலுக்கு வாங்க."

"முதுகு பிடிச்சுக்கிச்சு மாப்ள, அசைய முடியல" என்றது போர்வை. "வெளியில யாரு, பேக்கரி அம்மாவா? அழுவுறாங்களா?"

வாத்தியார் போர்வையை இழுத்தார். உள்ளேயிருந்து பெரியவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டெய்லர் எட்டிப் பார்த்தார்.

"மூஞ்சி மூடியே இருக்கட்டும் சார். பாத்தா தாங்க மாட்டீங்க."

டெய்லரும் பால்காரரும் ஆளுக்கொரு கை பிடித்து வாத்தியாரை வெளியே கொண்டுவந்தார்கள். தெருவே கூடியிருந்தது. குழாய்ச் சண்டைக்கு அப்புறம் மாமனார் முகத்திலேயே விழிக்காத பக்கத்து வீட்டுக்காரர்கூட மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"நீங்களே உள்ள போய்க் கிள்ளிப் பாருங்க" என்றார் வாத்தியார்.

"பாவம், பிதற்ற ஆரம்பிச்சிட்டாரு" என்றார் பால்காரர்.

பத்து மணிக்கு மாடி பார்க்க வந்தவர் கேட்டிலேயே செருப்பைக் கழற்றினார். வாத்தியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தைரியமா இருங்க. நான் வேற வீடு பாத்துக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

வாத்தியார் திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார். உட்காரலாம் என்றால் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. படியிலேயே உட்கார்ந்தார்.

அப்போது நாற்காலிக் கடை வண்டி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"சார், உங்க மாமனார் இப்பதான் மறுபடியும் போன் பண்ணாரு. கூட்டம் நிக்குதாம்ல, இன்னொரு இருபது எங்க இறக்கட்டும்?"