மாஸ்டர் பம்பில் மிச்சமிருந்த காத்து

இந்த முறை மவுரீனை ஏமாற்றியே தீருவது என்று ஜூலியஸ் முடிவெடுத்தபோது, தமது பழைய மோரிஸ் மைனருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஒரு புருஷன் பெரிய முடிவு எடுக்க அது தோதான இடமில்லை. மேலே டிரைவர் சீட்டில் மவுரீன் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு தகரத் தரை. அதில் பிரேக் பெடல். பெடலின் மேல் அவள் கால்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்களின் கான்வாய். அசாம் ஜாவா என்ற ஊரில் அபுபக்கர் பாய் கடையில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு, வரிசையாகக் கிளம்பி, நெல்வயல் ஓரமாகவே சுங்கை ஆயர் தாவார் வரை போவார்கள். கூட்டத்திலேயே வயதான கார் ஜூலியஸுடையது. ஆகவே முதல் இடம் அதற்குத்தான் என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார். எண்ணெய்ப்பனை எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ஜூலியஸ், வாழ்க்கையில் எந்த வரிசையிலும் முதலில் நின்றதில்லை. சொந்தக் கல்யாணத்தில்கூட மாமியாருக்குப் பின்னால்தான் கோயிலுக்குள் நுழைந்தார்.

அதே ஞாயிறு மாலை, ராசா ஊரில் பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் டோ லோரி ஓட்டும் மவுரீனின் தம்பி ஆன்ட்ரூவுக்குப் புது வீட்டு ஜெபம். போனால் காலையிலிருந்து நாற்காலி தூக்க வேண்டும். தூக்கிய நாற்காலியில் மாமியார் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலி கோணலாக இருக்கிறதென்பார்.

ஜூலியஸின் திட்டம் எளிது. பிரேக் வேலை முடியவில்லை, வண்டியைப் பாதியில் போட்டுவிட்டு வர முடியாது, நீ மைவி காரை எடுத்துக்கொண்டு போய்வா என்பார். மைவி முனை திரும்பியதும் மோரிஸ் புறப்படும்.

திட்டத்தில் ஒரே ஓட்டை. பிரேக்குக்கு ஆயில் தள்ளும் பழைய மாஸ்டர் பம்பைக் கழற்றிப் புதியதைப் பூட்ட ஒரு ஆள் போதும். ஜூலியஸ் விரல் முட்டியெல்லாம் பெயர்த்துக்கொண்டு அதைச் செய்து முடித்திருந்தார். ஆனால் பிரேக் குழாயில் புகுந்த காத்தை எடுக்க ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிக்க வருகிறேன் என்ற பக்கத்து வீட்டு சுகுமாறன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். ஆக, பிரேக் சரியாகவில்லை என்று எவளிடம் பொய் சொல்ல வேண்டுமோ, அவள் காலை வைத்தே பிரேக்கைச் சரிசெய்தாக வேண்டும்.

"கால மட்டும் வை. ஸ்டியரிங்கைத் தொடாத" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஏன், கடிக்குமா?"

"இந்தக் கால ஸ்டியரிங் மாதிரி இல்ல. கனம். பொம்பளைங்களுக்கு ஆவாது."

"சரிங்க."

இந்தச் 'சரிங்க' சந்தேகத்துக்குரியது. ஆனால் வேலை தொடங்கிய சுகத்தில் ஜூலியஸ் அதைக் கவனிக்கவில்லை.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"புடிச்சுக்க." திருகைத் திறந்தார். ரப்பர் குழாய் வழியே பிரேக் ஆயிலும் குமிழியும் புடுபுடுவென்று பாட்டிலுக்குள் இறங்கின. மூடினார். "இப்ப விடு."

"விட்டாச்சு."

"காலடி விரிப்பத் தூக்கு. கீழ மூடி இருக்கும். ஆயில் குறையுதா பாரு."

"குறையுது."

"ஊத்து."

"ஊத்திட்டேன்."

ஜூலியஸுக்குப் புல்லரித்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில், சொன்னதைச் சொன்ன மாத்திரத்தில் மவுரீன் செய்வது இதுவே முதல் தடவை. ஒரு சக்கரத்தில் காத்து முழுக்கப் போன பிறகும், ஆசைக்காக இன்னும் ரெண்டு தரம் அமுக்கச் சொன்னார்.

"நான் சொல்றதுக்கு முன்னாடி மட்டும் விட்டுறாத. விட்டா காத்து திரும்ப உள்ள போயிரும்."

"நீங்க சொல்லாம நான் என்னைக்கு என்ன செஞ்சிருக்கேன்?"

இதற்கும் ஒரு சாதாரண புருஷன் உஷாராகியிருப்பான். ஜூலியஸ் மகிழ்ந்தார்.

கடைசிச் சக்கரம் முடிந்தது. மேலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, பெடல் கல்லு மாதிரி நிக்குது. சரியாயிருச்சோ?"

இதுதான் அந்த நேரம். ஜூலியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது பொய்க் கல்லு. உள்ள காத்து இருக்கு."

"கல்லுல பொய்க் கல்லு வேறயா?"

"பழைய வண்டில அப்படித்தான் லா. உனக்குச் சொன்னா புரியாது."

மவுரீன் பெடலை இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு ராசாவுக்கு?"

"இந்த பிரேக்கை வச்சுக்கிட்டு எங்க போறது? வண்டியைப் பாதில விட்டுட்டும் வர முடியாது. நீ மைவில போயிட்டு வா. நான் ஏதோ மிச்சம் மீதிச் சோத்தத் தின்னுட்டு இங்கயே கெடக்கேன்." குரலில் வேண்டிய அளவு சோகம் ஊற்றினார். கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றிவிட்டார்.

"பாவங்க நீங்க" என்று சொல்லிவிட்டு மவுரீன் உள்ளே போனாள். யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. ஜூலியஸ் வெளியே ஊர்ந்து வந்து, சீட்டில் ஏறி, பெடலை மிதித்துப் பார்த்தார். அசல் கல். ஸ்டியரிங்குக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

ஞாயிறு காலை, கான்வாய் டீஷர்ட்டைச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு, சோகமான முகத்தோடு அவர் வாசலுக்கு வந்தபோது, வீட்டுக்கு முன்னால் ஒரு டோ லோரி நின்றது. ஆன்ட்ரூ இறங்கினான்.

"மச்சான், பிரேக் இல்லாத வண்டியை ரோட்டுல எறக்கக்கூடாது. ஏத்திடலாம்."

"எங்க?"

மவுரீன் பாயாசச் சட்டியும் கேக் பெட்டியுமாக வெளியே வந்தாள். "வண்டியை விட்டுட்டு வர முடியாதுன்னீங்களே. அதான், வண்டியையும் கூட்டிட்டுப் போயிடலாம்னு தம்பிக்கு போன் பண்ணேன்."

ஜூலியஸ் வாயைத் திறந்தார். பிரேக் நல்லா இருக்கு என்றால் நேற்று சொன்னது பொய். நல்லா இல்லை என்றால் வண்டி லோரியில். மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் மோரிஸ் லோரி முதுகில் ஏறியது. ஜூலியஸ் அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவே, மடியில் பாயாசச் சட்டியோடு உட்கார வைக்கப்பட்டார்.

"ஆன்ட்ரூ, அபுபக்கர் பாய் கடையில நிறுத்து" என்றாள் மவுரீன். "ஒரு தே தாரிக் குடிச்சுட்டுப் போவோம்."

"வேணாம், லேட்டாயிரும்" என்றார் ஜூலியஸ்.

லோரி நின்றது. கடைக்கு முன்னால் பழைய கார்கள் கழுவித் துடைத்து வரிசை கட்டியிருந்தன. முதல் இடம் காலியாக இருந்தது. எல்லாரும் லோரியை அண்ணாந்து பார்த்தார்கள். அபுபக்கர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன ஜூலியஸ், முதல் ஆளா வருவேன்னு சொன்னீங்க. இவ்வளவு உசரத்துல வருவீங்கன்னு சொல்லலையே."

"முதல் ஆளாவா? எங்க பாய்?" என்று மவுரீன் கேட்டாள்.

"இன்னிக்கு கான்வாய் இருக்குல்ல. ஒரு மாசமா இவருக்கு அதே பேச்சு. உங்ககிட்ட சொல்லலையா?"

ஜூலியஸ் பாயாசத்தில் முந்திரி எத்தனை கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். "பிரேக்ல காத்து, பாய்" என்றார் சட்டிக்குள்ளேயே.

பாய் லோரி மேல் ஏறி, கார்க் கதவைத் திறந்து, குனிந்து பெடலைக் கையால் அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார்.

"கல்லு மாதிரி இருக்கே."

"அது பொய்க் கல்லு, பாய்" என்றாள் மவுரீன். "பழைய வண்டில அப்படித்தானாம். நமக்குச் சொன்னா புரியாது."

"நான் பொறந்ததுலேருந்து பழைய வண்டிதான் ஓட்டறேன். இப்படி ஒரு கல்லைக் கேள்விப்பட்டதில்லையே."

எல்லாரும் ஜூலியஸைப் பார்த்தார்கள். சட்டைக் கழுத்து வழியே கான்வாய் டீஷர்ட்டும் எட்டிப் பார்த்தது.

"நேத்தே சரியாயிருச்சு" என்றார், மனுஷன் காதுக்கு எட்டியும் எட்டாமலும்.

மவுரீன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நல்லதாப் போச்சு. ஆன்ட்ரூ, எறக்கு."

ஜூலியஸ் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினார். மன்னித்துவிட்டாளா? பையிலிருந்து சாவியை எடுத்தார். மவுரீன் கையை நீட்டினாள்.

"ஸ்டியரிங் கனம், மவுரீன்."

"பாயாசச் சட்டி அதைவிடக் கனம். அதை நீங்க புடிச்சுக்குங்க. நான் சொல்றதுக்கு முன்னாடி மட்டும் விட்டுறாதீங்க."

லோரியிலிருந்த கேக் பெட்டியை மவுரீன் முன் சீட்டில் வைத்துவிட்டதால் ஜூலியஸ் பின் சீட்டில் ஏறினார். அபுபக்கர் பாய் வாக்குத் தவறாதவர். வயதான வண்டிக்கே முதல் இடம் என்று கையைக் காட்டினார். அப்படியாக மோரிஸ் மைனர் முன்னால் போக, மற்ற வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தன. சாலையோரம் நின்றவர்கள் டிரைவருக்குக் கையசைத்தார்கள். மவுரீனும் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு அசைத்தாள்.

முதல் சிக்னல் வரைதான் எல்லாருக்கும் ஒரே வழி. அங்கே கான்வாய் இடதுபக்கம் சுங்கை ஆயர் தாவாருக்குப் பிரிய வேண்டும். மவுரீன் ராசாவுக்கு வலது சிக்னலைப் போட்டாள். திடீரென்று சிவப்பு விழுந்தது. ஒரே மிதி. கோடு தாண்டாமல் வண்டி அப்படியே நின்றது.

மடியில் ஒரு சொட்டுப் பாயாசம் சிந்தவில்லை. பிரேக்கை அவ்வளவு கச்சிதமாகச் சரிசெய்திருந்தார் ஜூலியஸ்.