என் அடிகுழாய்க்குச் சிவப்பு மூக்கு

கியாஸ் மியா வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட என் தொண்டையில் இறங்காது என்று நான் சபதம் செய்த அன்று, என் மனைவி ஹொஸ்னாரா முற்றத்தில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் கையை உயர்த்தினேன். குரலை உயர்த்தினேன். லுங்கியையும் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொண்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னோடு வாதாடாமல் 'சரிங்க' சொன்ன சமயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு தடவையும் நான்தான் கவிழ்ந்திருக்கிறேன். ஆனால் சபதம் செய்கிற அவசரத்தில் மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது?

விஷயம் இதுதான். அன்று காலையில்தான் தண்ணீர் சோதிக்கிற அரசாங்க ஆட்கள் எங்கள் பக்கம் வந்திருந்தார்கள். ஷம்ஷாத் ஆபா, அதாவது ஷம்ஷாத் அக்கா, என்று ஓர் அம்மாள் தலைமை. வீட்டுக்கு வீடு அடிகுழாயை அடித்து ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்தார். ஏதோ பொடி போட்டார். மூடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகிக் காத்திருந்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் குழாயின் மூக்குக்குப் பச்சைப் பெயின்ட். நிறம் மாறினால் சிவப்பு. சிவப்பு என்றால் தண்ணீரில் ஆர்செனிக் விஷம். குளிக்கலாம், துவைக்கலாம். குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது.

என் குழாயின் காகிதம் மஞ்சளாகி, அதையும் தாண்டிப் பழுப்பாகிவிட்டது.

"தொரிகுல் பாய், இந்தத் தண்ணி இனிமே வேணாம்" என்றார் ஆபா.

"இத்தனை வருஷமா குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"மெதுவாத்தான் வேலை செய்யும் பாய். உள்ளங்கையில புள்ளி புள்ளியா வந்த பிறகுதான் தெரியும். அதுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது."

"ருசி கிடையாதா! கண்ணைக் கட்டிட்டு நூறு வீட்டுத் தண்ணி குடுங்க. என் குழாய்த் தண்ணி எதுன்னு சொல்றேன். அந்த இரும்பு வாசம் வேற எந்தத் தண்ணிக்கு இருக்கு?"

அவர் பெயின்ட் டப்பாவைத் திறந்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வயலுக்கு அந்தப் பக்கம் கியாஸ் மியாவின் குழாய்க்குப் பச்சை அடித்துவிட்டார்கள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் இருவரும் ஒரே பருவத்தில் குழாய் இறக்கியவர்கள். எனக்குச் சட்டென்று தண்ணீர் வந்துவிட்டது. அவனோ நல்ல தண்ணீர் வேண்டும் என்று குழாய்க்கு மேல் குழாயாகப் பூமிக்குள் சொருகிக்கொண்டே போனான். நான் வரப்பில் நின்று, "என்ன பாய், இன்னும் அமெரிக்கா வரலையா?" என்று கேட்டேன். ஊரே சிரித்தது. இப்போது ஆழத்துத் தண்ணீர் நல்ல தண்ணீராம், மேல் தண்ணீர் விஷமாம். ஊர் வேறு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆகவே சபதம்.

"நீயும் மிதுவும் பயந்தா அங்கிருந்து எடுத்துக் குடிங்க. பொம்பளைங்க, பிள்ளைங்க விஷயத்துல நான் தலையிடல. எனக்கு என் தண்ணிதான். ஏதாவது தில்லுமுல்லு பண்ணினே, ருசியிலயே கண்டுபிடிச்சிருவேன்" என்றேன்.

அன்றிலிருந்து அடுக்களையில் இரண்டு குடம். ஒன்று அவளுக்கும் மகள் மிதுவுக்கும், இன்னொன்று எனக்கு. அவள் வரப்பு வழியாக கியாஸ் மியா வீட்டுக்குப் போய் வருவதை நான் பெருந்தன்மையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் தம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்து, நாக்கைச் சுழற்றிப் பார்ப்பேன். அதே இரும்பு.

"நம்ம தண்ணிதானே?"

"நம்ம குடத்துத் தண்ணிதாங்க."

"ஆகா! இதைப் போய் விஷங்கிறாளே அந்த அம்மா."

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?"

மழைக்காலம் வந்தது. வரப்பு வழுக்கியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருக்கிற ஜோஹ்ரா, இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று என்று, குடத்தோடு இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் நாள் என் முற்றத்துக்கே வந்து சிவப்பு மூக்கின் அடியில் குடத்தை வைத்தாள். எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. நானே எழுந்து போய் அடித்துக் கொடுத்தேன்.

ஹொஸ்னாரா ஓடிவந்தாள். "ஜோஹ்ரா, அது குடிக்கிற தண்ணி இல்லடி. கழுவத்தான்."

"பாய் குடிக்கிறாரே பாபி."

"அவரை விடு. பிள்ளைங்களுக்குக் குடுக்காதே."

"குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. அவருக்கு ஆகாதது எங்களுக்கு மட்டும் ஆயிருமா? சொந்தக் குழாய்னு கணக்குப் பாக்கிறீங்களா?"

ஜோஹ்ராவைப் பார்த்து இன்னும் சில வீட்டுப் பெண்களும் வந்தார்கள். என் முற்றத்தில் இப்போது வரிசை. கியாஸ் மியாவுக்குத் தெரியட்டும் என்று நான் கொஞ்சம் சத்தமாகவே அடித்தேன். அன்று சாப்பிடும்போது அவள் கேட்டாள்:

"ஏங்க, அந்தப் பிஞ்சுகளுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் ஆகாது. நான்தான் உயிரோட சாட்சியா இருக்கேனே!"

அவள் என் தம்ளரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் ஷம்ஷாத் ஆபா மறுபடியும் வந்தார். சிவப்புக் குழாயில் குடிக்கிறவர்கள் எல்லாரும் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். சமீபத்தில் குடித்த தண்ணீரிலிருந்து உடம்பில் எவ்வளவு விஷம் ஏறியிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுமாம். மற்றவர்கள் பாட்டிலை முந்தானையிலும் துண்டிலும் மறைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். நான் மட்டும் நடுத்தெருவில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனேன்.

முடிவு சொல்ல எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் கூட்டினார்கள். ஆபா முகத்தில் குழப்பம்.

"சிவப்புக் குழாயில குடிச்ச எல்லாருக்கும் விஷம் ஏறியிருக்கு. யாருக்கு எவ்வளவுன்னு தனித்தனியா சொல்றேன். ஆனா தொரிகுல் பாய்க்கு மட்டும் அனேகமா ஒண்ணுமே இல்ல. எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. எழுந்தேன்.

"சகோதரர்களே! உங்க பொடி பொய் சொல்லும். உங்க காகிதம் பொய் சொல்லும். என் சிறுநீர் பொய் சொல்லாது! மத்தவங்களுக்கு எங்கிருந்து ஏறிச்சோ, என் குழாயிலிருந்து இல்ல. யாராவது பச்சைப் பெயின்ட் கொண்டாங்க. இப்பவே அடிப்போம்!"

கைதட்டல். யாரோ நிஜமாகவே டப்பாவை எடுத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஜோஹ்ரா, மடியில் குழந்தையோடு, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதைப் பார்த்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஹொஸ்னாரா எழுந்தாள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

"பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன். இவர் குடிச்சது எங்க குழாய்த் தண்ணி இல்ல. கியாஸ் பாய் வீட்டுத் தண்ணி."

"பொய்!" என்றேன். "ருசி எனக்குத் தெரியாதா? அந்த இரும்பு?"

"உடைஞ்ச அரிவாள் ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடந்தது. அதைத் தேய்ச்சுக் கழுவி உங்க குடத்துக்குள்ள போட்டு வெச்சேன்."

பள்ளிக்கூடக் கூரையே அதிர்ந்தது. கியாஸ் மியா கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பாய், அமெரிக்காத் தண்ணி ஒத்துக்கிச்சா?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா வீம்புக்காகவே இவர் சிவப்புத் தண்ணியைக் குடிச்சிருப்பாரு" என்றாள் ஹொஸ்னாரா. "இவரைத் திருத்த என்னால முடியாது. உயிரோட வெச்சுக்கவாவது முடியுமான்னு பார்த்தேன். ஆனா இவரைப் பார்த்து ஜோஹ்ரா பிள்ளைங்க குடிக்கும்னு நான் நினைக்கல. இனிமே மறைக்க மனசு வரல."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஜோஹ்ரா குழந்தையின் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரை நான்தான் அடித்துக் கொடுத்தேன். என் கையால். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஆபா போய்க் குழந்தைகளைத் தொட்டுப் பார்த்தார். "குடிச்சது கொஞ்ச காலம்தான். இன்னியோட நிறுத்திடு. உடம்பு மெல்ல மெல்ல வெளியே தள்ளிரும். நானும் வந்து பார்த்துக்கிட்டே இருப்பேன்."

எனக்கும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கூடவே புத்தியும் வந்தது, அதாவது என் வழக்கமான புத்தி.

"நண்பர்களே!" என்றேன். "இது நானும் என் மனைவியும் சேர்ந்து போட்ட திட்டம். ஒரு வீடு, ரெண்டு தண்ணி. பச்சைக் குழாய்த் தண்ணி குடிச்சவன் பிழைச்சான்னு ஊருக்குக் காட்டத்தான் இவ்வளவும் செஞ்சோம்."

யாரும் நம்பவில்லை. எல்லாரும் ஹொஸ்னாராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுத்தால் நான் ஒழிந்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வெகு பணிவாகச் சொன்னாள்:

"ஆமா. எல்லாம் அவர் யோசனைதான். இன்னொண்ணும் முடிவு பண்ணியிருக்காரு, கூச்சத்துல சொல்லல. மழை முடியிற வரைக்கும் எங்க வீட்டுக்கும் ஜோஹ்ரா வீட்டுக்கும் கியாஸ் பாய் வீட்டிலிருந்து அவரேதான் தண்ணி சுமக்கப் போறாரு."

இப்போது வந்தது பாருங்கள் கைதட்டல்! கியாஸ் மியா எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். ஆபா என் பெயரை மற்ற ஊர்களிலும் சொல்லப்போவதாகச் சொன்னார். மறுக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று நான் சுற்றும் முற்றும் பார்த்தேன்.

ஜோஹ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைநிமிர்ந்தாள்.

"பாய், எங்களுக்கு ஒரு குடம் பத்தாது."