கோணல் சரிபார்க்கப்பட்டது

ஆண்களுக்கு யாரும் தங்கள் கையால் எதையும் செய்து கொடுப்பதில்லை என்ற உண்மையை எங்கள் அலுவலகம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கண்டுபிடித்தது. அதற்கு முன் எங்கள் அலுவலகம் எதையும் கண்டுபிடித்ததில்லை. தெருக்களுக்குப் பெயர்ப் பலகை எழுதி நடுவது எங்கள் துறையின் வேலை. நட்ட பலகை காணாமல் போனால் தேடுவது எங்கள் வேலையல்ல. அதற்கு வேறு துறை இருக்கிறது.

அன்று எங்கள் ஜீப் டிரைவர் ஓய்வு பெற்றார். வாய் திறக்காத மனிதர். ஏறுங்கள், இறங்குங்கள் என்பதைக்கூடக் கதவைத் திறந்துதான் சொல்வார். வழக்கம்போல ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். இனிமேல் நேரத்துக்கு வர வேண்டாம் என்று அனுப்பி வைக்கிறவருக்குக் கடிகாரம் கொடுப்பது எங்கள் மரபு. அவர் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து எல்லாரும் நாற்காலியைத் தள்ளும்போதுதான் தபால் பிரிவு அக்கா எழுந்து முன்னால் போனார்.

வரும் கடிதத்திலும் போகும் கடிதத்திலும் தேதி முத்திரை குத்துவது அக்காவின் வேலை. நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பொழுதுபோக்காக என்ன செய்வார் என்று கேட்டால், அங்கேயும் முத்திரைதான் குத்துவார். பென்சில் அழிக்கும் ரப்பரைப் பிளேடால் செதுக்கிச் சின்னச் சின்ன அச்சு செய்து, தடித்த காகிதத்தில் பதித்து வாழ்த்து அட்டை செய்வார். டிரைவருக்குப் பழுப்புக் காகிதத்தை மடித்து ஒரு அரைக்கைச் சட்டை செய்திருந்தார். சட்டைப் பையில் ஒரு அட்டை. அட்டையில் ஒரு ஸ்டியரிங் அச்சு. அதன் கீழே, "நீங்கள் ஓட்டினீர்கள், நாங்கள் தூங்கினோம். நன்றி" என்று எழுதியிருந்தது.

டிரைவர் அதைப் படித்தார். பிறகு கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

இதை எங்கள் இயக்குநர் பார்த்துவிட்டார். அதுதான் வினை.

இயக்குநர் கெட்டவர் அல்ல. ஆனால் ஒரு நல்ல காரியம் தானாக ஒருமுறை நடந்தால் அது விபத்து, சுற்றறிக்கை போட்ட பிறகு நடந்தால்தான் திட்டம் என்பது அவர் கொள்கை. அதோடு அப்போது கைவேலைப் பொருள் என்றால் ஊரே மயங்கிக் கிடந்தது. ஓரம் பிய்ந்த காகிதத்துக்கு ஓரம் நறுக்கிய காகிதத்தைவிட விலை அதிகம். சோப்பு, மெழுகுவர்த்தி, பிஸ்கட் எல்லாவற்றின் மேலும் 'கையால் செய்தது' என்று இயந்திரத்தில் அச்சடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் 'ஆண் பணியாளர் அகமகிழ்வுத் திட்டம்' பிறந்துவிட்டது. பிறந்தநாள், பதவி உயர்வு, ஓய்வு ஆகிய சந்தர்ப்பங்களில் ஆண் பணியாளர் ஒவ்வொருவருக்கும் கையால் செய்த காகிதப் பரிசும் முத்திரை பதித்த அட்டையும் வழங்கப்படும்.

இதற்கு ஒரு குழு அமைந்தது. இயக்குநர், மேனேஜர், கணக்காளர் மூவரும் உறுப்பினர்கள். அவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ள நான். அக்காவுக்கு அட்டை செய்யத் தெரியும் என்பதால் குழுவில் சேர்க்கவில்லை. விஷயம் தெரிந்தவர் குழுவில் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று மேனேஜர் சொன்னார்.

ஆணுக்கு உகந்த படம் எது என்பதில் முதல் கூட்டம் முழுக்கக் கழிந்தது. பூ கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பட்டாம்பூச்சியும் பறந்தது. இதயம் போடலாமே, ஆண்களுக்கும் அது இருக்கிறதே என்று கணக்காளர் மெல்லச் சொன்னார். இருக்கலாம், ஆனால் அலுவலக நேரத்தில் அதற்கு வேலை இல்லை என்று மேனேஜர் மறுத்தார். மீசை எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஒப்புதல் கிடைக்கும் நேரத்தில் மற்ற இருவரும் ஒரே சமயத்தில் இயக்குநரின் மழுமழு மேலுதட்டைப் பார்த்தார்கள், இயக்குநர் கண்ணாடி ஜன்னலில் பார்த்துக்கொண்டார். மீசை தள்ளுபடியானது. கடைசியில் கார், டை, ஸ்பானர் மூன்றும் நிறைவேறின. எங்கள் அலுவலகத்தில் டை கட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. ஸ்பானரைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அதுவா இப்போது கேள்வி.

அக்காவைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"யாருக்குச் செய்யறோமோ அவருக்கு என்ன பிடிக்கும்னு கேட்டுட்டுச் செய்யலாமா சார்?"

"ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு வேற ஒண்ணுன்னா அது பாரபட்சம்மா" என்றார் மேனேஜர். "எல்லாருக்கும் ஒரே மாதிரி செஞ்சாத்தான் தனிப்பட்ட அன்புன்னு சொல்ல முடியும்."

அக்கா சரி என்று போய் வேலையை ஆரம்பித்தார். கிளை அலுவலகங்களையும் சேர்த்தால் ஆண்கள் ஏராளம். அவர் விரலில் பிளேடு பட்டுப் பட்டு, கடிதங்களில் முத்திரையோடு ரத்தமும் பதிய ஆரம்பித்த பிறகு குழு மறுபடி கூடியது. கையால் செய்வதில் கையைச் சிரமப்படுத்த வேண்டிய அவசியமில்லை என்று முடிவெடுத்து, அக்கா செய்த மாதிரி அட்டை ஒன்றை அச்சகத்துக்கு அனுப்பினார்கள்.

அச்சகக்காரர் நல்ல மனிதர். மாதிரியில் ஸ்பானர் சற்றுக் கோணலாக விழுந்திருப்பதைப் பார்த்து, பாவம் என்று நேராக்கி அச்சடித்து அனுப்பிவிட்டார். மொத்தக் கட்டும் திரும்பிப் போனது. கோணலாக இருந்தால்தானே கையால் செய்தது என்று நம்புவார்கள் என்று மேனேஜர் போனில் விளக்கினார். அச்சகக்காரர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, எவ்வளவு கோணல் வேணும்?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அலுவலகத்தில் ஆள் இல்லை. அதனால் ஒரு பதவியை உண்டாக்கினார்கள். அக்கா 'கோணல் சரிபார்ப்பு அலுவலர்' ஆனார். தனி அறை, கை வைத்த நாற்காலி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போல ஒரு கோணமானி. அச்சகத்திலிருந்து வரும் அட்டைகளை எடுத்து அளந்து பார்த்து, நேராக இருப்பதை நிராகரித்து, கோணலாக இருப்பதன் பின்பக்கம் 'கோணல் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும்.

அக்கா இதை எதிர்த்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். எதிர்க்கவில்லை. அதுவரை முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த நாற்காலி பிடித்துப் போயிற்று. சில வாரங்களில் எங்களைவிடக் கண்டிப்பானார். இம்மி குறைந்த கோணலைக்கூட விடமாட்டார். "இப்படி நேர்மையா அடிச்சா எப்படி?" என்று அச்சகக்காரரை அவர் திட்டியதை நானே கேட்டேன்.

இதற்கிடையில் திட்டம் பலன் தருகிறதா என்று மேலிடம் கேட்டது. பலன் என்றால் என்ன? டிரைவர் அழுதாரே, அதுதான். ஆகவே பரிசு வாங்கும்போது பணியாளர் கண் கலங்கினாரா என்பதைச் சாட்சி ஒருவர் உடன் நின்று பார்த்துக் குறித்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. கலங்காதவர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பலகை எழுதும் பெயின்டர் ஒருவர், தனக்குக் கண் வறட்சி நோய் என்று மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு விலக்கு அளித்தார்கள். மற்றவர்கள் எதற்கு வம்பு என்று கலங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு எங்கள் துறை கண்ணீரில் முதலிடம் பெற்றது. பலகை நடுவதில் எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அக்கா அவருக்கு ஒரு அட்டை செய்து தருவது வழக்கம். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிப்ட், எண்ணெய்க் கறை படிந்த கட்டைவிரல், குறட்டை விடும் மூக்கு என்று வருஷத்துக்கு ஒன்று. அவர் அவற்றைக் கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்திருப்பார். அந்த வருஷம் அக்காவுக்கு நேரமில்லை. சரிபார்த்த கட்டிலிருந்து நல்ல கோணலாக ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். நடந்ததை அவரே பிறகு எங்களிடம் சொன்னார்.

கணவர் அட்டையைப் பார்த்தாராம். இந்த ஸ்பானர் எந்த நட்டுக்கும் சேராதே என்று மட்டும் சொன்னாராம். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் படித்திருக்கிறார்.

"கோணல் சரிபார்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கே. யாரோட கோணல்? என்னோடதா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவர் கோபமாகவும் கேட்கவில்லை, கிண்டலாகவும் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். பிறகு அட்டையை டிவி மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

மறுநாளே அக்கா தன்னைப் பழைய ஸ்டூலுக்கே மாற்றும்படி கேட்டார். மேனேஜர் பரிவோடு கேட்டுக்கொண்டார். ஸ்டூல் காலியாக இருப்பதால் அந்தப் பணியிடமே ரத்தாகிவிட்டது, ரத்தான இடத்துக்கு மாற்ற விதி இல்லை என்றார். அக்கா தொடர்ந்து கோணல் பார்த்தார். ஆனால் முன்போல அளப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு இயக்குநரே ஓய்வு பெறும் நாள் வந்தது. அவருக்குப் பெரிய அளவில் கார் படம் போட்ட அட்டையை மேனேஜர் கொடுத்தார். கணக்காளர் சாட்சி. இயக்குநர் அட்டையை வாங்கினார், நன்றி சொன்னார், கண்ணில் ஒரு துளி இல்லை. 'கலங்கினார்' என்று கணக்காளர் கூட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்ததால் சிக்கல் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு இயக்குநர் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணு செஞ்சு தர முடியுமாம்மா?"

"இப்பதானே சார் குடுத்தாங்க."

"அது சுற்றறிக்கை குடுத்தது."

"அது உங்க சுற்றறிக்கைதான் சார்."

"தெரியும்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டதாக அக்கா சொன்னார்.

உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அக்கா கேட்டார். இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். வீட்டில் அவர் மனைவி, அப்படி ஏதாவது இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமலா போயிருக்கும் என்று சொல்லிவிட்டாராம். பல நாள் கழித்து அக்காவுக்குப் போன் வந்தது. யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல மெதுவாக, "இஸ்திரி" என்றார் இயக்குநர். பெரிய பதவிக்கு வந்த பிறகும் தன் துணியைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே தேய்ப்பாராம். காலரில் சுருக்கம் போகும் அந்த நேரத்தில் மனசு லேசாகிவிடுமாம். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டார்.

அக்கா மறுபடி பிளேடை எடுத்தார். ஒரு இஸ்திரிப் பெட்டி அச்சு செதுக்கினார். வெள்ளைக் காகிதத்தில் ஒரு கைக்குட்டை செய்து, மடிப்பு கலையாமல் நான்காக மடித்து, மூலையில் அந்த அச்சைப் பதித்தார். இயக்குநர் வந்து வாங்கினார். மடிப்பின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். காகிதக் கைக்குட்டையால் கண்ணைத் துடைக்க முடியாது என்பதால் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். சாட்சி இல்லாததால் அந்தக் கண்ணீர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனார். தேநீர் வருவதற்குள் எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொருவராக, மற்றவருக்குத் தெரியாமல், அக்காவிடம் போக ஆரம்பித்தார்கள். அக்காவும் முகம் மலர்ந்து ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். முதலில் போனவர் கணக்காளர். சாப்பிட்ட பிறகு அரைமணி தூங்குவதுதான் தனக்குப் பிடித்தது என்று தைரியமாகச் சொன்னார். அக்கா அழகான ஒரு தலையணை அச்சு செதுக்கித் தந்தார். அடுத்து மேனேஜர் போனார். கேள்வியைக் கேட்டதும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கணக்காளர் என்ன வாங்கினார் என்று விசாரித்தார். தலையணை என்றதும், "அப்ப எனக்கும் அதுவே போதும். கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்" என்றார். அவருக்கு அடுத்தவர், மேனேஜரே தலையணை வாங்கியிருக்கும்போது தான் வேறு கேட்டால் நன்றாக இருக்காது என்றார். அதற்கடுத்தவர் கேள்வியையே கேட்க விடவில்லை.

நான் கடைசியில் போனேன். என்ன சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆள் இல்லாத தெருவில் சைக்கிளில் போகும்போது காரணமே இல்லாமல் மணி அடிப்பது எனக்குப் பிடிக்கும். சைக்கிள் மணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மைப்பெட்டியைத் திறந்து, தலையணை அச்சைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு?"

"எல்லாருக்கும் என்னவோ அதுவே இருக்கட்டும் அக்கா" என்றேன்.

அக்கா அச்சை மையில் ஒற்றினார். குத்திக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் தெரு வெறிச்சென்று கிடந்தது. மணியின் மேல் விரலை வைத்தேன். முன்னாலும் பின்னாலும் பார்த்தேன். வேறு யாரும் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை.