சிப்பாய் இல்லாத படை

நம் மலைநாட்டில் பகுதிநேரத் தளபதி என்றோர் இனம் உண்டு. மழையில் அழுகாது, பனியில் கருகாது. தோட்டத்துக்கு ஒன்றாவது கட்டாயம் முளைத்திருக்கும். போரைக் கண்டிராது. ஆனால் பூட்ஸ் பளபளக்கும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆண்டியப்பனைப் பாருங்கள். கொழும்பில் துணிக்கடை வாசலில் காவலாளியாக நின்றவர், வேலையை விட்டாரே தவிர உடுப்பை விடவில்லை. தோளில் நட்சத்திரம், இடுப்பில் அகலப் பட்டி, நெஞ்சில் விசில், முறுக்கிய மீசை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தொப்பி என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் காலைத் தட்டி நின்றாரானால், கொழுந்துக் கூடையோடு மலைக்குப் புறப்படும் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கோ அது மரியாதையாகவே தெரியும். வேறெப்படித் தெரியும்?

இந்தச் சமயம் பார்த்து ஐந்தாம் நம்பர் மலையின் சவுக்கு மரத்தில் குளவி கூடு கட்டியது. அதன் கீழேதான் அவர் மனைவி மீனம்மா கொழுந்தெடுக்கும் நிரை. போன வருஷம் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள்.

"கூட்ட எடுக்காம நான் அந்தப் பக்கம் போகமாட்டேங்க."

"நான் இருக்கையில என்னா பயம் புள்ள?"

அன்றே குளவி எதிர்ப்புப் படை பிறந்தது. அவர் கெப்டன். அவர் கூட்டாளி நல்லமுத்து துணைக் கெப்டன். தோட்டத்து இளவட்டம் துஷாந்த் இணைக் கெப்டன். மற்றவர்களுக்கும் மனம் நோகாதபடி ஆளுக்கொரு பதவி. சிப்பாய்? ஒருவருமில்லை.

படையெடுப்பைப் பார்க்கத் தோட்டமே ரோட்டோரம் திரண்டது. மரத்தடியில் படை அணிவகுத்தது.

"ஏறுங்க கெப்டன்," என்றார் நல்லமுத்து.

"நான் ஏறிட்டா கட்டளை போடுறது யாரு? நீ ஏறு."

"துணைக் கெப்டன் மரம் ஏறலாமா? ஆளுங்க பாக்குறாங்கள்ல!"

பேச்சு வளர்ந்தது. கூட்டம் முணுமுணுத்தது. மானம் போகிறதே என்று தவித்த ஆண்டியப்பன், வெற்றிக்கென வாங்கி வைத்திருந்த பட்டாசுச் சரத்தை முதலிலேயே கொளுத்திவிட ஆணையிட்டார். கூட்டுக்கு நேர் கீழே! துஷாந்தும் கொளுத்தினான்.

குளவிக்கு ஏது பதவி வித்தியாசம்? கெப்டன், துணை, இணை எல்லாரும் தேயிலைச் செடிகளுக்குள் தலைகீழாகப் பாய்ந்தார்கள்.

டிஸ்பென்சரியில் பூசணிக்காய் முகத்தோடு படுத்திருந்தவரிடம் மீனம்மா கேட்டாள்: "கூடு அப்புடியேதான் இருக்கு. நாளைக்கு நான் யார நம்பி மலைக்குப் போறது?"

வீங்கிய உதட்டைச் சிரமப்பட்டுப் பிரித்தார். "துஷாந்த பதவியிலருந்து நீக்கியாச்சு புள்ள."

மறுநாள் மீனம்மாவும் மற்றப் பெண்களும் பெரட்டுக்களத்தை விட்டு அசையவில்லை. நிர்வாகம் வெளியிலிருந்து ஆள் அழைத்துக் கூட்டை எடுத்தது. மீனம்மா தன் நிரைக்குத் திரும்பினாள். "மொத அடி நாங்க குடுத்ததுலதான் குளவி சோர்ந்துபோச்சு" என்று ஆண்டியப்பன் இன்றும் எதிர்ப்படுவோரை நிறுத்தி விளக்கிக்கொண்டிருக்கிறார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் கோயிலிலோ சங்கத்திலோ கடைசியாக ஒரு குழு அமைத்தார்களே, அங்கே நீங்கள் முதலில் கேட்டது என்ன வேலை என்றா, என்ன பதவி என்றா?